கதவிடுக்கின் சாம்பல்

நவம்பர் பதினான்கு. தூத்துக்குடியின் வானம் காலை முதல் மேகத்தால் மூடப்பட்டிருந்தது. தூறல் விட்டும் விடாமலும் இருந்தது.

சிவப்பு விளக்கின் கீழே, தரையில் வைத்த தட்டின் கரைசலுக்குள் கிடந்த புகைப்படத் தாளில் உப்பளம் மெல்ல எழுந்து வந்தது.

முதலில் வரப்புகள். பிறகு உப்புக் குவியல்கள். பிறகு ஒற்றைக் காகம்.

அவள் காத்திருந்தாள்.

சாம்பல் வரவில்லை.

கொல்லைப்புறக் குளியலறையே அவள் படம் கழுவும் இருட்டறை. கோடையின் பிற்பகல்களில் அங்கே ஐந்து படங்களை அச்சிட்டிருந்தாள். ஐந்திலும் இடது ஓரத்து வெண்மை, விடியாத கடலைப்போலச் சாம்பலாகக் கரைந்திருந்தது.

கண்காட்சி நடத்துபவர் அதைச் சுட்டி, "இதுதான் மேடம் உங்க கையெழுத்து" என்றிருந்தார்.

ஆறாவது படத்தை நாளை அனுப்பியாக வேண்டும்.

இன்று அச்சிட்ட மூன்று தாள்களும் பளிச்சென்று வந்தன. பிழையற்ற, எவருடையதாகவும் இருக்கக்கூடிய வெண்மை. கரைசலை மாற்றிப் பார்த்தாள். கை தன்னைவிட்டு எங்கோ போய்விட்டதாகத் தோன்றியது.

மீதம் இரண்டு தாள்கள். ஒன்றைத் தட்டில் இட்டாள்.

வெளியே அவள் கணவன் ரெக்ஸின் குரல் கேட்டது.

"ஏ பிள்ள, வெயில் வந்துட்டு! துணியக் காயப்போடுதேன். நீயும் செத்த வெளிய வந்து காயி. பூசணம் புடிச்சிரப் போவுது."

சிரித்தபடி குனிந்தவள் அப்படியே நின்றாள்.

கதவின் அடியில், பலகை பெயர்ந்த இடுக்கு வழியே ஓர் ஒளிக்கீற்று நுழைந்து, தட்டின் இடது ஓரத்தில் படுத்திருந்தது. கோடை முழுவதும் அங்கேயே கிடந்ததால் அவள் ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை.

அதன் கீழே சாம்பல் பிறந்தது.

கனவில் நிற்பவளைப்போலப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். சாம்பல் கறுத்தது. காகம் அதற்குள் போயிற்று. தாள் முழுவதும் போயிற்று.

அப்படியானால், அந்த ஐந்தும் வெயில் இட்ட கையெழுத்து.

கொக்கியில் துண்டு தொங்கியது. இடுக்கை அடைக்க அது போதும். எடுத்தாள். சற்று நேரம் கையில் வைத்திருந்தாள். மீண்டும் கொக்கியிலேயே மாட்டினாள்.

கடைசித் தாளை, படத்தைப் பெரிதாக்கி வீழ்த்தும் என்லார்ஜரின் ஒளியில் காட்டினாள். வெறும் பாதத்தை இடுக்கின் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டு, தாளைத் தட்டில் நழுவவிட்டாள்.

வரப்புகள் வந்தன. குவியல்கள் வந்தன.

பாதத்தின் மறுபுறம் வெயில் இளஞ்சூடாக அமர்ந்திருந்தது.

காகம் வரட்டும் என்று காத்திருந்தாள்.

வந்தது.

பெருவிரலை மட்டும் தூக்கி, கீற்றை உள்ளே விட்டாள்.

அப்போது மணி மாலை நான்கு பதினேழு.