தொடலாமா?

மருத்துவமனையில் நோயாளியின் மணிக்கட்டில் ஒரு வளையம் மாட்டுவார்கள். பயந்தால் அது சிவக்கும். பயமுறுத்துவது எதுவோ, அதை அறையிலிருந்து அகற்றிவிட வேண்டும். "தொடலாமா?" என்று கேட்காமல் யாரும் தொடக்கூடாது.

கை முறிந்து வந்திருந்த வினோதாவின் வளையம் சிவந்தே கிடந்தது. நர்ஸ் ஜெபராணி மென்மையான குரலில் "தொடலாமா?" என்று கேட்டாள், ஊசியை அப்புறப்படுத்தினாள், வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள், விளக்கைக் குறைத்தாள். சிவப்பு போகவில்லை.

"ஆஸ்பத்திரின்னாலே இவளுக்கு பயம், சிஸ்டர்," என்று சிரித்தான் கணவன் சந்தானம்.

போன் பேச அவன் வெளியே போனதும் வளையம் பச்சையானது. ஜெபராணி கதவைத் தாழிட ஓடினாள். அதற்குள் அவன் உள்ளே வந்துவிட்டான். பச்சை மறுபடி சிவப்பதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

சந்தானம் கோபப்படவில்லை. கட்டிலருகே குனிந்து, ஜெபராணியின் அதே மென்மையான குரலில் கேட்டான்.

"வீட்டுக்குப் போலாம் வா, வினோ. தொடலாமா?"