லிஸ்பன் நேரம்

கணினியில் தாமாகவே வேலை செய்யும் ஏஐ ஏஜென்டுகள் தொடங்கும் முன், ஒரு கணினியில் என்னென்ன இருக்கிறது என்று படித்துச் சொல்லும் மென்பொருள் கருவி அது. எதையும் மாற்றாது. அதற்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்த பூங்கோதைக்கு, மாதிரி காட்ட ஒரு பழைய கணினி வேண்டியிருந்தது. அப்பாவோடு சண்டை போட்டு, மூன்று வருடத்துக்கு முன் சொல்லிக்கொள்ளாமல் போன தம்பி எழிலனின் மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்தாள். கருவியை ஓட்டியதும் இயங்குதளம், நினைவகம், மொழி என்று வரிவரியாக வந்தன. பிறகு, நேர மண்டலம்: லிஸ்பன். மாற்றிய தேதி, அவன் போனதற்கு முதல் நாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "மணி தப்பாக் காட்டுதேடி. சரி பண்ணி வையேன்."

"தப்பில்லம்மா. தம்பி போகணும்னு நெனச்ச ஊரோட நேரம். போர்ச்சுகல்ல இருக்கு."

அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். வாசலில் பதினோரு மணி வெயில் காய்ந்தது. திரையில் காலை ஆறரை.

பூங்கோதை மூடியைச் சாத்தப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மூடிடாத. அவன் எழுந்திரிக்கிற நேரம்."