காலைப் பூசை நேரம்

“அக்கா, அப்டேட் இண்டைக்கும் ஏறல்ல. திரும்பவும் பழையபடி வந்து நிக்குது.”

சுஜாந்தி கணினித் திரையைக் காட்டினாள். காலைப் பூசை முடிந்து நேரே காரியாலயத்துக்கு வந்திருந்த அல்பொன்சாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. வாய் மட்டும் உச்சுக் கொட்டியது.

“ஐயோ பாவம். நேத்துப் பின்னேரம் நூறு வீதம் வரைக்கும் ஓடினதே பிள்ள?”

“ஓடினதுதான். விடிய வந்து பாத்தா பழசு.”

“ம்... படிச்ச ஆக்களுக்கே சரிவருதில்ல எண்டா நாங்க என்னத்தச் சொல்ல?”

கற்பிட்டிக் கரையோரத்து மீனவர் சங்கம் அது. அல்பொன்சா அந்த மேசையில் உட்கார்ந்து பத்தொன்பது வருடம். சுஜாந்தி சிலாபத்தில் கணினி படித்துவிட்டு வந்து ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் காற்றாடி சுஜாந்தியின் பக்கம் திரும்பிவிட்டது. தேநீர்க் கோப்பை முதலில் அவளுக்குத்தான் போனது. நேற்றுக்கூட, வருடக்கணக்காக அல்பொன்சாவுக்கு நண்டு கொண்டுவந்து தரும் யாகப்பு, பையைச் சுஜாந்தியிடம் நீட்டி, “மிஸ்ஸுக்கு” என்றான்.

“மிஸ்ஸுக்கு நண்டு. எனக்கு நண்டு வாசமா?” என்று அல்பொன்சா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய முள், சங்கத் தலைவர் சூசைப்பிள்ளை சொன்னது. “இந்த அப்டேட் ஏறினாத்தான் படகுப் பதிவெல்லாம் மிசினுக்குள்ள போடலாம். போட்டாப் பிறகு ரெண்டு பேர் எதுக்கு? மிசின் தெரிஞ்ச ஒராள் போதும்.”

அந்த ஒராள் தானல்ல என்பது அல்பொன்சாவுக்குத் தெரியும். வீட்டில் படுக்கையில் கிடக்கும் புருசனுக்கும் அவளுக்கும் இந்த வேலை ஒன்றுதான் சோறு.

அதனால்தான் தினமும் ஏழு மணிப் பூசையில் முழந்தாளிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ‘அன்னம்மா தாயே, அது ஏறக் கூடாது. தலவிலக் கோவில் திருநாளுக்கு ஆள் உயர மெழுகுதிரி கொளுத்துறன்.’ சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல முடியாத மன்றாட்டு அது. ஆனாலும் தாயார் அதைக் கேட்டருளிக்கொண்டே இருந்தார்.

இதற்குள் சுஜாந்தி வேறு அவளைப் படுத்தி எடுத்தாள்.

“அக்கா, எனக்குக் கை உளையுது, நீங்க மவுசைப் பிடிச்சு அமத்துங்க. முதல்ல தேவையில்லாததுகளை அழிச்சு இடம் எடுங்க. இப்ப ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க. இனி அப்டேட்டை அமத்துங்க.”

“என்ட எழுத்து கோழி கிண்டின மாதிரி அக்கா, நீங்களே கொப்பியில எழுதுங்க. இன்ஸ்டோல் எண்டா ஏத்துறது. அன்இன்ஸ்டோல் எண்டா கழட்டுறது. இங்கிலீசு எழுத்தையும் பக்கத்தில போடுங்க.”

‘மகாராணிக்கு நான் கைவேலைக்காரி’ என்று பல்லைக் கடித்துக்கொண்டே அல்பொன்சா அமத்தினாள், எழுதினாள். மறுபடி மறுபடி பிழையாகிப்போக, எட்டு நாள் அதையே செய்ததில் கொப்பி பாதி நிறைந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் சுஜாந்தியின் கதிரை வெறுமையாக இருந்தது. சூசைப்பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“அந்தப் பிள்ளைக்குச் சிலாபத்தில நல்ல வேலை. கடிதம் வந்து ரெண்டு கிழமையாம். ஏனோ போகாம நிண்டு, இண்டைக்குக் காலமைதான் காரியாலயச் சாவியத் தந்திட்டுப் போயிருக்கு. இனி வேற ஒரு பிள்ளையத் தேடணும் அல்பொன்சா. உன்னையும் எத்தின நாளைக்கு வெச்சிருக்கலாமோ தெரியாது.”

அல்பொன்சாவுக்குக் காது சூடேறியது. “நான் ஏத்திப் பாக்கிறன் தலைவர்.”

“நீயா?”

“பாக்கிறனே.”

கொப்பியை விரித்தாள். தேவையில்லாததை அழித்தாள். நிறுத்தி இயக்கினாள். அமத்தினாள். திரையில் இருபது, நாற்பது என்று ஏறியது. அடுத்து எதை அமத்துவதென்று விரலுக்கே தெரிந்திருந்தது. அதுதான் அவளுக்கே அதிசயம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் நூறு வந்தது. கணினி ஒருமுறை அணைந்து எழும்பியது. புதியதாகவே நின்றது.

சூசைப்பிள்ளை வாயைப் பிளந்தார். “அடியே! அப்ப வேற ஆள் எனக்கு எதுக்கு?”

தொலைந்துபோயிருந்த பத்தொன்பது வருட மரியாதையும் ஒரே மூச்சில் திரும்பி வந்ததுபோல் அல்பொன்சா நிமிர்ந்தாள். “எட்டுத் தரம் அந்தப் பிள்ளைக்குச் சரிவரல்ல. நான் ஒரு நாள்ல முடிச்சன். படிப்பு மட்டும் போதாது தலைவர்!”

“சரி சரி. திரும்பப் பழசாகாதே? ஒழுங்கா ஏறினதுக்கு எங்கயும் எழுதியிருக்குமா, பார்.”

திரையின் ஓரத்திலேயே, ஏறியதும் கழன்றதும் நேரத்தோடு பதிவாகும் ஒரு பட்டியல் இருந்தது. எட்டு நாளும் சுஜாந்தி திறக்கவே விடாத பக்கம். அல்பொன்சா அதைத் திறந்து, கொப்பியில் எழுதியிருந்த சொற்களோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தாள். கடைசி வரி இன்றையது: ஏறியது.

அதற்கு மேலே இருந்த வரிகளைப் பார்த்தபோது விரல் நின்றுவிட்டது.

எட்டு நாளும் பின்னேரம் நாலரைக்கு அந்த அப்டேட் பிழையில்லாமல் ஏறியிருந்தது. அடுத்த நாள் காலை ஏழு இருபதுக்கு, அது ஏறக் கூடாதென்று அவள் கோவிலில் முழந்தாளிட்டு மன்றாடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், யாரோ ஒருத்தி இந்தக் கதிரையில் உட்கார்ந்து அதைக் கையால் கழற்றியிருந்தாள்.