நாலு சக்கரமும் இழுக்கும்

“நாலு சக்கரமும் இழுக்கும்னு சொன்னீக. இங்கன ஒண்ணுகூட இழுக்கலையே!”

ராஜபாண்டியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார். ஆமத்தூரைத் தாண்டி ஒரு கரிசல் பாதையில், சிவப்பு பிக்கப் வண்டி அச்சுவரை புதைந்து நின்றது.

அவர் பட்டாசுக் கம்பெனி முதலாளி. தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. ஆர்டர் குவிந்து கிடக்கிறது. மழையோ இந்த வருஷம் முந்திக்கொண்டது. மழை பெய்தால் இந்தப் பாதையில் கம்பெனி வேன் வராது. வேன் வராவிட்டால் ஓடைக்கு அந்தப்பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணும் வேலைக்கு வரமாட்டாள்.

பார்த்தார் மனிதர். எந்த மழையிலும் எந்தச் சேற்றிலும் போகிற வண்டி ஒன்றை வாங்கியே தீருவது என்று முடிவு கட்டிவிட்டார்.

மதுரையிலிருந்து வண்டி புரோக்கர் செல்வக்குமார் இரண்டு பிக்கப்புகளைக் கொண்டுவந்திருந்தான். இன் பண்ணின சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, மணிமணியான பேச்சு.

“சிவப்பு கனமான வண்டி சார். லோடு தாங்கும். ஆனா சேத்துல அந்தக் கனமே இடைஞ்சல். வெள்ளை லேசு, உசரமும் ஜாஸ்தி. கல்லு முள்ளுல அடிபடாது. மழைக்கு வெள்ளைதான் சரி.”

“பேச்செல்லாம் எதுக்கு தம்பி? ஓட்டிப் பாத்துருவோம். ஏலே சங்கிலி, வெள்ளையில ஏறுலே!”

சங்கிலிமுத்து கம்பெனி வேன் டிரைவர். சிவப்பை ஓட்டிவந்தவனும் அவன்தான். இதே ஊர்க்காரன். இந்த வட்டாரத்தில் அவனைப் போல வண்டி ஓட்ட ஆள் கிடையாது என்று முதலாளியே பெருமையாகச் சொல்லுவார்.

“வண்டி ஓடையத் தாண்டிட்டா, நீதாம்லே இதுக்கு டிரைவர். சம்பளமும் கூட்டித் தாரேன். மழைன்னா வீட்டுல உக்காந்துக்கிடுத உம் பொண்டாட்டி பாண்டிச்செல்வியத்தான் மொத ஆளா ஏத்திட்டு வரணும். மருந்து கலக்குற ரூம் ஒரு நாள் நின்னா எம்புட்டு நஷ்டம் தெரியுமா?”

“சரி மொதலாளி.”

வெள்ளை வண்டி, புதைந்து கிடந்த சிவப்பைத் தாண்டிப் போனது. ஓடைப் பள்ளத்தில் இறங்கியதும் உறுமியது. பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து, மகள் விஷயமாக.

“அங்கயும் தூறுதா? அப்ப ஐஸ்வர்யாவ டியூஷனுக்கு அனுப்பாத. பச்சப்புள்ள, நனைஞ்சா சளி புடிச்சுக்கிடும்.”

பச்சைப் பிள்ளை பிளஸ் டூ படிக்கிறது.

போனை வைத்ததும் கோபம் விட்ட இடத்தில் தொடர்ந்தது. “எவன்கிட்டலே கமிஷன் வாங்குன? வேற வண்டிக்காரன் காசு குடுத்தானா? ரெண்டையும் பொதச்சுட்டியே! கண்ண மூடிக்கிட்டு ஓட்டுறவன்லா நீ!”

சங்கிலிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். வருஷக்கணக்காக உழைத்தவனுக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைக்கத்தான் செய்தது.

“இறங்குங்கண்ணே. நான் எடுத்துக் காட்டுறேன்” என்றான் செல்வக்குமார்.

சங்கிலிமுத்துவின் முகம் வெளிறிப்போனது. மனமில்லாமல் இறங்கினான்.

புரோக்கர் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினான். உள்ளே ஒரு தரம் குனிந்து பார்த்தான். வெளியே சங்கிலிமுத்துவைப் பார்த்தான். பிறகு ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தான். பின்சக்கரங்கள் குழி பறித்தன. முதலாளியின் சட்டையெல்லாம் சேறு. வண்டி முன்னைவிட ஆழமாகப் புதைந்ததுதான் மிச்சம்.

“மன்னிச்சுக்குங்க சார். இந்தக் கரிசலுக்கு எந்த வண்டியும் தாக்குப் பிடிக்காது.”

“பெருசாப் பேச வந்துட்டீக! ரெண்டையும் எடுத்துக்கிட்டு மதுரைக்கே போயிருங்க. மழை விட்டப்பொறம் எங்க வேலைய நாங்க பாத்துக்கிடுதோம்.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தார் ரோட்டில் நின்ற காரை நோக்கி நடந்தார் முதலாளி. கார் மறைகிறவரை இருவரும் அசையவில்லை.

“இருங்க தம்பி, ஊருக்குள்ள போயி டிராக்டரக் கூட்டிட்டு வாரேன்.”

“வேண்டாம்ணே. ஏறுங்க.”

கியருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு லீவர் இருந்தது. செல்வக்குமார் அதைப் பிடித்து இழுத்தான். முன்சக்கரங்களும் சேர்ந்து சுற்றின. வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி, ஓடையைத் தாண்டி மேட்டில் போய் நின்றது.

“இந்த லீவரைப் போட்டாத்தான் நாலு சக்கரமும் இழுக்கும்னு காலையிலேயே உங்களுக்குச் சொன்னேன். நீங்க தொடவே இல்லை. சிவப்புலயும் இதே கதைதானேண்ணே?”

சங்கிலிமுத்து வெளியே பார்த்தபடி பேசினான். “ஈரம் கண்டா மருந்து தன்னால சூடேறி வெடிச்சிரும் தம்பி. அந்த ரூமுக்குள்ள எம் பொண்டாட்டி இருக்கா, இந்த ஊருப் பொம்பளையாளுக இருக்காக. மழைநாள்ல வேண்டாம்னு சொல்லிப் பாத்துட்டேன். ஆர்டர் ஆர்டர்ங்காரு. கூலி போனாப் போகுது, வெயில் அடிக்கையில சம்பாரிச்சுக்கிடலாம். நானே அவுகள ஏத்திக்கிட்டுப் போயி அதுக்குள்ள விடணுமாக்கும்? என்ன ஆனாலும் மாட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

“ஆமா, நீங்களும்தான மொதலாளி முன்னாடி லீவரத் தொடல! தொட்டிருந்தா வண்டி வித்திருக்குமே. உங்களுக்கு எதுக்கு தம்பி இந்த நஷ்டம்?”

செல்வக்குமார் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். மதுரையில் பழகின மணிமணியான பேச்சு எங்கோ போய்விட்டது.

“நா சாத்தூர்ப் பக்கம்ணே. எங்கம்மாவும் மருந்து ரூமுலதான் இருந்தா. கடைசியா அவ வேலைக்குப் போன அன்னிக்கும் மழைதான். வேன் வரல. நாலு சக்கரமும் இழுக்குற ஜீப்பு வந்துதான் கூட்டிட்டுப் போச்சு.”