மூன்றெழுத்துக் கட்டளை

தன்னைக் கொலை செய்தவளின் வீட்டு அழைப்பு மணியை ராகவேந்திரன் அழுத்தினான். கையில் அவனுடைய கல்யாணப் பத்திரிகை.

"இன்னா மச்சி, வேணாம்னா இப்பவே திரும்பிடலாம்," என்றான் புகழேந்தி, ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டபடி. "மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"அவ கையில குடுத்துட்டுத்தான் வருவேன்."

பெசன்ட் நகரில், வேளாங்கண்ணி சர்ச்சுக்குப் பின்தெருவில் இருக்கும் அந்த வீடு இருவருக்கும் புதிதல்ல. போன வருஷம் கொலுவுக்கு ஹம்சினி கூப்பிட்டு, கூட்டாளிகள் நாலு பேரும் வந்து சுண்டலை ஒரு கை பார்த்துவிட்டுப் போனவர்கள்தான். ராகவேந்திரன் மனசு மட்டும் வீடு திரும்பவில்லை.

கொலை நடந்தது கம்ப்யூட்டரில். இன்டர்நெட்டில் ஆளாளுக்கு ஒரு வேஷம் கட்டிக்கொண்டு ராட்சசர்களோடு சண்டை போடும் விளையாட்டு. படம் கிடையாது, எல்லாமே எழுத்து. கத்தி வீசணும்னாலும் டைப் பண்ணணும், அரட்டை அடிக்கணும்னாலும் டைப் பண்ணணும். தமிழையும் இங்கிலீஷ் எழுத்திலேயே தட்டுவார்கள்.

பாண்டி பஜார் பிரவுசிங் சென்டரிலிருந்து இவர்கள் நாலு பேர். வீட்டு மோடத்திலிருந்து ஹம்சினி. சண்டையில் அடிபட்டவர்களுக்கு மந்திரம் போட்டுக் காயத்தை ஆற்றுவது அவள் வேலை. போன் லைன் எப்போது அறுந்து விழுமோ என்ற பயத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தட்டித் தட்டி அனுப்புவாள்.

தலைவன் ராகவேந்திரன். மகா புத்திசாலி ஆச்சே! எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் ஒரு மேக்ரோ, அதாவது தானாக ஓடும் கட்டளை, எழுதி வைத்தான். குழுவில் யாராவது 'அடி' என்று ஏ, டி, ஐ மூன்றெழுத்தைத் தட்டினால் போதும். தட்டியவர் யாரைப் பார்த்து நிற்கிறாரோ, அவர்மேல் மற்ற வீரர்கள் தானாகப் பாய்வார்கள். ஆள் சீட்டில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் அவனைத் தவிர யாரும் சீட்டில் இல்லை. டீ குடிக்கப் போன புகழேந்தியும் மற்ற இருவரும் பஜாரின் தள்ளுபடிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று ராகவேந்திரன் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, 'உங்காத்துக்கு வந்து அப்பாகிட்ட பேசலாமா?' என்று கேட்டுவிட்டான்.

ஹம்சினி அவன் பக்கம் திரும்பினாள் என்று திரை காட்டியது. அவளிடமிருந்து வந்தது ஒரே சொல். அந்த மூன்றெழுத்து.

ஆள் இல்லாத மூன்று கம்ப்யூட்டர்களும் அவன்மேல் பாய்ந்தன. ஒரு வருஷமாகச் சேர்த்த பலமெல்லாம் போயிற்று. செத்தவனை விளையாட்டு வெளியே தள்ளிவிட்டது.

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறது, இப்படியா ஆளை விட்டு அடிப்பாள்? தான் கேட்டதை ஒருவரிடமும் சொல்லவில்லை. "அவ துரோகி, என்னைக் கொன்னுட்டா," என்று மட்டும் நண்பர்களிடம் சொன்னான்.

புதுப் பெயரில் மறுபடி உள்ளே போய், இன்னொரு மேக்ரோ எழுதினான். ஹம்சினி வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே குழுவைவிட்டு வெளியே. அம்மா நீட்டிய ஜாதகத்துக்கு, பெண்ணின் போட்டோவைக்கூடப் பார்க்காமல் சரி என்றான்.

கதவு திறந்தது. ஹம்சினிதான். அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாங்கோ. உள்ள வாங்கோ ரெண்டு பேரும்."

"நேரமில்லை," என்று பத்திரிகையை நீட்டினான் ராகவேந்திரன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பித்தான். "அவசியம் வரணும். தைரியமா வரலாம். எங்க மண்டபத்துல யாரும் ஆளை விட்டு அடிக்க மாட்டா."

புகழேந்தி நெளிந்தான். "விடு மச்சி, வீட்டாண்ட வந்து இன்னா பேச்சு இது?"

ஹம்சினி பத்திரிகையைப் பிரித்துத் தேதியைப் பார்த்தாள்.

"ஐப்பசியா... நன்னா இருங்கோ," என்றாள். "எத்தனை நாள் வந்து வந்து பார்த்தேன் தெரியுமா? ஒரு வார்த்தை தட்டினாலே வெளில தள்ளிடறது."

"அன்னிக்கு சொன்ன வார்த்தையே எனக்கு ஜென்மத்துக்கும் போதும்."

"இன்னா வார்த்தை?" என்றான் புகழேந்தி. "நாங்கோ டீ குடிக்கப் போன கேப்புல நீ இவங்களை இன்னாதான் கேட்ட?"

ராகவேந்திரனுக்குக் காது மடல் எரிந்தது. இத்தனை நாள் மூடி வைத்ததை, அவளையே எதிரில் வைத்துக்கொண்டு சொல்லவேண்டியதாகிவிட்டது.

"இவ அப்பாகிட்ட வந்து பேசலாமான்னு கேட்டேன்டா. அதுக்குத்தான் அடின்னா."

ஹம்சினி பத்திரிகையை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"அது 'அடி' இல்லை, 'ஆடி'," என்றாள். "முடிஞ்சதும் வாங்கோன்னு தட்டறதுக்குள்ள போயிட்டேள்."