கையை எடுத்த பிறகும்

லிப்ட் பழுதுபார்க்கும் எஸ்தருக்குப் போன வருடம் ஷாக் அடித்ததிலிருந்து ஒயரைக் கண்டாலே வெடவெடக்கும். அன்று மத்தியானம் துணிந்து, பழைய லிப்டில் கழற்றிய ரிலே என்ற காந்த சுவிட்ச் ஒன்றைப் பேட்டரி, பட்டன், பல்போடு இணைத்தாள். பட்டனை அமுக்கினால் ரிலேயின் காந்தம் உள்ளே இருக்கும் இரும்புத் தகட்டை இழுத்து ஒட்டவைத்துப் பல்பை எரிய வைக்கும். பிறகு ஒட்டிய அந்தத் தகட்டின் வழியாகவே ரிலே தனக்கும் கரண்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினாள். டக்கென்றது. வெடுக்கென்று கையை எடுத்தாள்.

“கண்ணத் தொறந்து பாரு” என்றான் கணவன் செல்வின்.

பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

“நான் கைய எடுத்துட்டேன்ல?”

“எப்பவோ எடுத்துட்ட. நீ அமுக்குனத அது மறக்கல.”

ஒரு துண்டு இரும்பும் கொஞ்சம் செம்புக் கம்பியும் அவள் தொட்டதை ஞாபகம் வைத்திருந்தன. எஸ்தர் கிட்டக் குனிந்து பார்த்தாள். அணைக்கும் பட்டன் பக்கம் போன செல்வினின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப வேண்டாங்க. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருப்போம்.”