காயப்போடும் இடம்

வீட்டை இடித்துக்கொண்டு வந்து வளவிலேயே நின்றுபோன யுத்த டாங்கியின் குழலில்தான் புஷ்பராணி இருபத்தாறு வருடங்களாகத் துணி காயப்போட்டாள். போன மாதம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தூக்கிக்கொண்டு போய், பச்சை வர்ணம் பூசி, பட்டணத்து அருங்காட்சியக முற்றத்தில் நிறுத்திவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு மறுநாளே அவள் வாளி நிறைய ஈரத்துணியுடன் பஸ் ஏறினாள்.

குழலில் முதல் சேலையை விரித்தபோது காவலாளி ஓடி வந்தான்.

"அம்மா, பலகையைப் பாருங்கோ. தொடக்கூடாதெண்டு கிடக்கு."

"இது என்ர வீட்டுக்குள்ள வரேக்க உந்தப் பலகை எங்க கிடந்தது, தம்பி?"

"எனக்கெல்லோ பேச்சு விழும்."

அவள் துணியெல்லாம் விரித்து முடித்தாள். மிஞ்சிய துவாயை இரண்டு தரம் உதறி, அந்தப் பலகையின் மேலேயே காயப்போட்டாள்.